பதினான்கு சொற்கள்

ஜூன் 3, செவ்வாய்

பதினான்கு சொற்கள். பதினான்கிலும் அந்த ஒலி. தொண்டையைக் கணநேரம் அடைத்துத் திறக்கிற ஒலி. கல்குவாரியில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் பேசும் சிறு மொழியில் மட்டும் அது மிஞ்சியிருக்கிறது. ஆகவே இந்தப் பக்கத்து மொழிகளுக்கெல்லாம் தாயாக இருந்த பழைய மொழியிலும் அது இருந்திருக்க வேண்டும். இதுதான் பேராசிரியரின் புத்தகம். என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயமும் இதன் தோளில்தான் உட்கார்ந்திருக்கிறது.

அச்சுக்குப் போகுமுன் பதிவுத் துண்டுகளைச் சரிபார்க்கச் சொன்னார். ஒரு பிழையும் இல்லை. அதுதான் உறுத்துகிறது. வாயுள்ள மனுஷி எவளும் ஒரு சொல்லை எப்போதும் ஒரே மாதிரி சொல்ல மாட்டாள். அவசரத்தில் விழுங்குவாள், கோபத்தில் இழுப்பாள். இதுவோ வரிசையில் நிறுத்திவைத்த மாதிரி இருக்கிறது.

ஜூன் 5

முழுப் பதிவையும் தரச்சொல்லிப் பேராசிரியரிடம் கேட்டேன். "வெட்டுன துண்டு போதாதாம்மா?" என்றார், சிரித்துக்கொண்டே. ஏன் சிரிக்க வேண்டும்?

அவர் குவாரிக்குப் போனது ஒரே தடவை. மூக்கில் கைக்குட்டையோடு பத்து நிமிஷம் நின்றார். அந்தப் புகைப்படம் புத்தக அட்டையில் வரப்போகிறது. பதினான்கு சொற்களையும் சொன்ன குவாரி அக்காவுக்கு உள்ளே கிடைத்த இடம்: 'தகவலாளி 2'.

ஜூன் 6

பதிவுகளை வைத்திருக்கும் ஒலிக்கூடத்துக்காரர் இன்று என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார். குளிர்சாதனத்துக்காகவா? இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

ஜூன் 8, ஞாயிறு

யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிக் குவாரி அக்கா வீட்டுக்குப் போனேன். பதிவு எடுத்து இரண்டு வருடத்துக்குப் பிறகு. இந்தத் தடவை நான் எந்தச் சொல்லையும் சொல்லவில்லை. அந்தப் பதினான்கில் உள்ள பொருள்களைத் தொட்டுக் காட்டினேன். கல், கயிறு, தண்ணீர், காது. அக்கா சொன்னாள். ஒன்றில்கூட அந்த ஒலி இல்லை.

திரும்பக் காட்டினேன். அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"எப்படிச் சொல்லணும் பாப்பா? உங்களுக்குப் புடிச்ச மாதிரியா, எங்க வீட்ல சொல்ற மாதிரியா?"

யார் உங்களுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். "நீ கேக்கறியா அத?" என்று சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். யாரையோ காப்பாற்றுகிறாள். யாரை என்று எனக்குத் தெரியாதா?

ஜூன் 9

ஆய்வுக் குழுவுக்குப் புகார் எழுத உட்கார்ந்தேன். 'பேராசிரியர் சான்றுகளைத் தயாரித்திருக்கிறார்.' தயாரித்திருக்கிறார் — நல்ல சொல். அக்காவிடம் (என் சொந்த அக்கா) படித்துக் காட்டினேன். துணி மடித்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நீ சந்தேகப்படாத ஆளு இந்த வீட்ல நான் ஒருத்திதான். அதுவும் நான் தூங்குறப்போ மட்டும்."

நாளைக்குக் கொடுத்துவிடுவேன்.

ஜூன் 10

கொடுக்கவில்லை.

ஒலிக்கூடத்துக்காரரிடம் சண்டைக்குத் தயாராகப் போனேன். முழுப் பதிவைச் சாதாரணமாக எடுத்து நீட்டினார். யாரும் கேட்கவில்லை, அதனால் தரவில்லையாம். கேள்வி கேட்கிறவர் குரலை வெட்டிவிட்டுப் பேசுகிறவர் குரலை மட்டும் வைப்பது இங்கே எல்லோருக்கும் பழக்கம்தான். நானும் அப்படித்தான் கேட்டுப் பழகியிருக்கிறேன்.

முதல் சொல். குவாரி அக்கா சொல்கிறாள், ஒலி இல்லாமல். பிறகு ஓர் இளம் குரல், தொண்டையை அடைத்துத் திறந்து: "இப்படியாக்கா?" அக்கா அப்படியே திரும்பச் சொல்கிறாள். "ஆ, அருமை, அருமை!" ஐந்தாவது சொல்லிலிருந்து அக்கா காத்திருக்கவே இல்லை. எடுத்த எடுப்பிலேயே அந்த ஒலி.

அந்த இளம் குரல் என்னுடையது.

பதிவு எடுத்த அன்று காலை பஸ்ஸில் பேராசிரியரின் வரைவைப் படித்துக்கொண்டே போனேன். அந்த ஒலி இருக்கும் என்று தெரிந்துதான் போனேன். இருக்கிறதா என்று பார்க்கப் போகவில்லை. ஐயோ, என்ன சந்தோஷம் அந்தக் குரலில்.

ஜூன் 11

பேராசிரியர் இதைக் கேட்டிருப்பாரா? கேட்டும் விட்டிருப்பாரா? இப்போதும் சந்தேகம்தான். ஆனால் இந்தச் சந்தேகம் எனக்கு ரொம்ப வசதியாக இருக்கிறது.

புகாரில் பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

ஜூன் 13

பேராசிரியரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"ஒரு சத்தந்தானேம்மா. யாருக்கு என்ன நஷ்டம்?" பிறகு, கோபமே இல்லாமல்: "எனக்கு அடுத்த பதிப்பு வரும். உனக்கு அடுத்த பட்டம் வருமா?"

மிரட்டுகிறாரா, கவலைப்படுகிறாரா? இரண்டும் ஒரே குரலில் வருகிறது அவருக்கு.

மத்தியானம் புகார்க் கடிதத்தைக் குழுவிடம் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 18

குழுவின் பதில். மூன்றாம் அத்தியாயம் நீக்கம். பட்டம் குறைந்தது ஒரு வருடம் தள்ளி. புத்தகத்தை அச்சகத்திலிருந்து திரும்ப வாங்கிவிட்டார்கள். நடைபாதையில் பேராசிரியர் சுவரைப் பார்த்துக்கொண்டு போகிறார்.

ஜூலை 20, ஞாயிறு

குவாரி அக்காவிடமும் சொல்ல வேண்டும் என்று போனேன். அவளுடைய மகள் தண்ணீர் கொண்டுவந்தாள், ஐந்து வயசு. தண்ணீருக்கு அவர்கள் மொழியில் உள்ள சொல்லைச் சொல்லி நீட்டினாள். தொண்டையை அடைத்துத் திறந்து. யாரும் கேட்காமலே.

அம்மாதான் பழக்கியிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் இவர்கள் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறார்களாம். காலேஜ்காரர்கள் மெச்சிய பேச்சாவது பிள்ளைக்கு வரட்டும் என்று.

சொல்லிவிட்டேன். அது உங்க சத்தம் இல்லக்கா, நான்தான் உங்க வாயில வச்சேன்.

அக்கா மகளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள்.

"தெரியும் பாப்பா," என்றாள். "எங்க பேச்சுல சொன்னப்போ நீ பேனாவையே எடுக்கலையே."