வில்லன்கள் மாடியில்

3 ஜூன் 2025, செவ்வாய்

நாற்பது கார்டு. அதற்கு மேல் ஒன்றுகூடக் கூடாது என்பது விதி. இந்த சூப்பர் ஹீரோ ஆட்டத்தைத் தனியாக ஆடுவதற்கென்றே ஒரு கட்டு சேர்க்கிறேன். இனி எவன் தயவும் வேண்டாம். 'இன்னொரு ஆட்டக்காரருக்கு உதவு' என்று போட்டிருக்கும் கார்டுகளை முதலில் பொறுக்கி எடுத்தேன். பதினோரு கார்டு. இத்தனை நாள் எவ்வளவு உதவியிருக்கிறேன் என்று இன்றுதான் தெரிகிறது.

ஷிஜி எட்டிப் பார்த்து, "சேர்ந்து ஆடுற ஆட்டம்னு பெட்டியிலயே போட்டிருக்கே" என்றாள். ஒருவரும் ஆடலாம் என்றும்தான் போட்டிருக்கிறது. கட்டின மனைவி அதைப் படிக்க மாட்டாள்.

5 ஜூன்

கட்டு தயார். என் ஹீரோ போல்டர், கல் உடம்புக்காரன். அடி ஒவ்வொன்றும் இடி. உட்கார்ந்தேன், கலைத்தேன், ஐந்து கார்டு கையில் எடுத்தேன். அப்புறம்தான் உறைத்தது. அடிக்க ஆள் இல்லை. வில்லன் கட்டு எல்லாம் மாடியில் இருக்கிறது.

எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ராயபுரத்தில் அப்பா வைத்த படகுச் சாமான் கடையை பிப்ரவரியில் அண்ணனும் நானும் பிரித்தோம். புது போர்டில் அண்ணன் ஜெனிஷ் பெயர் முதலில் வருவதா, ஜெரின் என்கிற என் பெயர் முதலில் வருவதா — அவ்வளவுதான் தகராறு. இப்போது போர்டே இல்லை. நடுவில் பிளைவுட் தடுப்பு மட்டும் இருக்கிறது.

மூத்தவன் கூறு போட வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். தெற்கே எங்கள் சொந்த ஊர்ப்பக்க வழக்கம். கயிறும் வலையும் ஒரு கூறு, இரும்புச் சாமான் ஒரு கூறு. நான் கயிற்றை எடுத்தேன். அன்று சாயங்காலமே இந்த ஆட்டப் பெட்டியையும் அண்ணன் கொண்டுவந்து தரையில் கொட்டினான். ஹீரோக்கள் ஒரு கூறு, வில்லன்கள் ஒரு கூறு. "எடுத்துக்க" என்றான். எந்த மடையன் வில்லனை எடுப்பான்? பாய்ந்து ஹீரோக்களை அள்ளினேன். அவன் வில்லன்களை எடுத்துக்கொண்டு மாடியேறினான். காலடிப்பேட்டையில் ஒரே வீடு, கீழே நான், மேலே அவன். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

8 ஜூன், ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் நானே ஒரு வில்லனை எழுதினேன். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில், இருபத்தைந்து கார்டு. அசல் பெட்டியில் உள்ள கர்னல் ரஸ்ட்தான். தொட்டதெல்லாம் துருப்பிடிக்கும். நினைவிருந்த வரையில் எழுதினேன்.

மூன்று ஆட்டம். மூன்றும் வெற்றி.

10 ஜூன்

மேலும் ஐந்து வெற்றி.

12 ஜூன்

மீன்பிடித் தடைக்காலம் முடிய இரண்டு நாள். கடையில் நிற்க இடமில்லை. ராமதாஸ் சொந்தப் படகு வைத்திருப்பவர், அப்பா காலத்து வாடிக்கை. கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்: "இன்னா நைனா, கயிறு இங்க கீது, அத்த மாட்டுற கொக்கி அங்க கீது. ஒரே கடைல ரெண்டு தபா படியேறணுமா? பேஜாரா கீதுபா."

"அந்தப் பக்கம் கேட்டுக்கோங்க" என்றேன். அந்தப் பக்கத்தில் ஒரு இருமல். அவ்வளவுதான் எங்கள் உறவு.

14 ஜூன்

பதினாறாவது வெற்றி. ஆடும்போதே கொட்டாவி. "வில்லனையும் நீங்களே எழுதுனா ஜெயிக்காம என்ன செய்வீங்க?" என்கிறாள் ஷிஜி. நியாயமான கேள்வி. அதனால்தான் கார்டை மறுபடி கலைத்தேன்.

19 ஜூன்

கறிவேப்பிலை கேட்டு அண்ணன் மனைவி ஜெமிமா மைனி கீழே வந்தார்கள். சமையலறையில் ஷிஜியிடம் மெதுவாகச் சொன்னது கூடத்தில் நன்றாகவே கேட்டது. அண்ணனும் காகிதத்தில் ஒரு ஹீரோவை எழுதி வைத்து ஆடுகிறானாம். அசல் வில்லன் அடிக்கிற அடியில் காகித ஹீரோ ஒரு நாளும் தேறவில்லையாம். "சோறு தின்ன வரும்போதே மொகம் செத்துப் போயிருக்கு" என்றார்கள்.

ஆக, இந்த வீட்டில் கீழே தினமும் உலகம் பிழைக்கிறது. மாடியில் தினமும் அழிகிறது. சிரித்தேன். ரொம்ப நேரம் சிரிக்க முடியவில்லை.

23 ஜூன்

பெண்கள் இருவரும் சேர்ந்து பேசி முடித்துவிட்டார்கள். மைனி கொடுத்த டிபன் டப்பாவில் கர்னல் ரஸ்ட், அசல். கூடவே அண்ணன் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'ஞாயிறு அன்று திருப்பித் தரவும்.' ஏதோ நூலகம்.

பதிலுக்கு ஒரு ஹீரோவை அனுப்பினேன். இருப்பதிலேயே அடி குறைந்தவள், வீவர். பிறகு கொஞ்சம் உறுத்தியது.

24 ஜூன்

தோல்வி.

25 ஜூன்

தோல்வி. கார்டு மாற்றினேன். தோல்வி.

26 ஜூன்

ஏழு தோல்வி. காரணம் பிடிபட்டுவிட்டது, பிடிக்கத்தான் இல்லை.

இந்த ஆட்டத்தில் தோற்க இரண்டு வழி. ஹீரோவின் உயிர் தீர்ந்தாலும் தோல்வி, வில்லனின் சதித்திட்டம் நிறைவேறினாலும் தோல்வி. நான் கர்னலைப் போட்டு மொத்திக்கொண்டே இருக்கிறேன். பக்கத்தில் சதி அட்டைமேல் வில்லை வில்லையாக ஏறி, சத்தமில்லாமல் நிறைகிறது. சேர்ந்து ஆடிய நாளில் சதியைப் பார்த்துக்கொண்டது அண்ணன். நான் அடித்துப் பேர் வாங்குவேன். அவன் உட்கார்ந்து ஒவ்வொரு வில்லையாகக் குறைப்பான். 'குமாஸ்தா வேலை' என்று கேலி செய்திருக்கிறேன்.

சதியைத் தடுக்கும் கார்டுகளைச் சேர்த்தால் அடி குறைகிறது. அடியைச் சேர்த்தால் சதி முந்துகிறது. நாற்பது கார்டுக்குள் இரண்டு ஆள் வேலை அடங்கவில்லை.

27 ஜூன்

ஷிஜி துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "மைனி பெரம்பூர்ல வீடு பாத்திருக்காங்களாம். ஞாயித்துக்கிழம அஞ்சு மணிக்கு அட்வான்ஸ் குடுக்கப் போறாங்க."

போகட்டும். எனக்கென்ன? வில்லன்கள் எல்லாம் பெரம்பூர் போய்விடும், அவ்வளவுதானே.

பொய். இதிலும் பொய் எழுதி யாரை ஏமாத்துறேன்? தலைக்கு மேல அவன் நடக்கிற சத்தம் இல்லாம இந்த வீட்ல ஒரு நாள் இருந்ததில்ல நான். போகாதன்னு சொல்லணும். எப்படிச் சொல்ல — பேச்சே இல்லையே.

29 ஜூன், ஞாயிறு

சீட்டில் ஞாயிறு என்று எழுதியிருந்தது. ஆகவே மாடியேற எனக்கு முழு உரிமை உண்டு. மூன்று மணிக்கு, என் கட்டையும் தற்செயலாக எடுத்துக்கொண்டு, ஏறினேன்.

அண்ணன் மேசையில் இன்னொரு வில்லனிடம் தோற்றுக்கொண்டிருந்தான். சதியில் ஒரு வில்லைகூட இல்லை, துடைத்து வைத்திருந்தான். ஆனால் வில்லன்மேல் ஒரு கீறலும் இல்லை. வீவர் சாகக் கிடந்தாள். கர்னல் ரஸ்டை மேசையில் வைத்தேன். போகவில்லை. அவன் என்னைப் பார்க்காமல் ஆட்டத்தைக் கலைத்து, கர்னலை வில்லனாக வைத்துப் புதிதாகப் பரப்பினான், இரண்டு பேருக்கு.

இரண்டு மணி நேரம். "உன் முறை", "முடிஞ்சுது", வேறு வார்த்தை இல்லை. இன்னும் ஒரே அடியில் கர்னல் விழ வேண்டும். அந்த ஒரு அடி என் கையில் இல்லை. தோற்றோம்.

அண்ணன் நிமிர்ந்தான். "எதுக்குலே அந்த இடி கார்ட மூணாவது சுத்துலயே போட்ட? கடசிக்கு வச்சிருக்கணும்லா?"

நாலு மாதம் கழித்து அவன் வாயிலிருந்து ஒரு 'லே'.

"நீ சதியப் பாத்திருந்தா நான் ஏன் போடப் போறேன்?"

"பாக்காம? உன் வேலையும் சேத்துத்தான் பாத்தேன்!"

அரை மணி நேரம் கத்தினோம். கடைத் தகராறு என்று நினைத்து ஷிஜி மூச்சிரைக்க மாடியேறி வந்தாள். விஷயம் தெரிந்ததும் அவளும் மைனியும் டீ போடப் போய்விட்டார்கள். பெரம்பூர் வீட்டுக்காரர் மூன்று முறை போன் அடித்தார். அண்ணன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடி மூன்றாவது சுற்றுக்கே வந்தான்.

30 ஜூன், திங்கள்

கடையிலும் அதே பேச்சு, தடுப்புக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். இடி கார்டை மூன்றாவது சுற்றில் போட்டதுதான் சரி என்று ஆதாரத்தோடு விளக்கிக்கொண்டிருந்தேன். ராமதாஸ் வந்து எட்டு பாகம் நைலான் கயிறு கேட்டார். நான் வாயை நிறுத்தவில்லை. அண்ணன் தடுப்பைச் சுற்றி வந்து, என் பக்கத்துக் கயிற்றை இழுத்து, இரண்டு கையும் விரித்துப் பாகம் பாகமாக அளந்து வெட்டிக் கொடுத்தான். அளக்கும்போதும் சொல்லிக்கொண்டேதான் இருந்தான், தப்பு என்னுடையதுதானாம்.