சொல்லாமல் விட்ட நான்கு வசனங்கள்

பிராங்பேர்ட்
14.11.2024

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

ஆதிரை எழுதுகிறேன். நாங்கள் இங்கே சுகம். நீங்கள், சித்தப்பா, அனுஜன் மூவரின் சுகத்தையும் அறிய ஆவல். லைப்சிக்கில் இப்போதே குளிர் கூட என்று அம்மா சொன்னா. அனுஜனுக்குக் கையுறை வாங்கி வைத்திருக்கிறேன். அளவு சரியோ தெரியவில்லை.

என்னைப் பற்றிக் கேட்டீர்களாம். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். எழுந்து வாசிக்கச் சொன்னால் குரல் வருவதில்லை. இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் துணி மடிக்கிறேன். அங்கே கதைக்கத் தேவையில்லை.

நேற்று நீங்கள் அம்மாவோடு போனில் கதைத்தது எனக்கும் கேட்டது. "பிள்ளை பெற நோ வர முந்தியே வெட்டிப் பிள்ளையை எடுப்பினமாம் அக்கா. நான் விடமாட்டன். போன முறை அந்த டொக்டர் ஒரு எச்சரிக்கையும் தரேல்ல. இனி இவையளை நம்ப ஏலாது" என்றீர்கள்.

டொக்டர் சொன்னவ, சின்னம்மா. நான்தான் உங்களுக்குச் சொல்லவில்லை.

நீங்கள் இங்கே பிராங்பேர்ட்டில் இருந்தபோது, அந்த டொக்டரைப் பார்க்கக் குறித்த டெர்மினுக்கு ஜெர்மன் கதைக்க என்னைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். அனுஜனை ஒப்பறேசனில் பெற்றிருந்தாலும் அடுத்ததைச் சாதாரணமாகப் பெற முயலலாம் என்று டொக்டர் முதலில் சொன்னா. அதை நான் தமிழில் சொன்னதும் என் கையை இறுக்கிப் பிடித்தீர்கள். பிறகு அவ நான்கு வசனம் சொன்னா. கருப்பையிலுள்ள பழைய வெட்டு அபூர்வமாக வெடிக்கலாம். வலி தொடங்கியதும் வீட்டில் நிற்காமல் வரவேண்டும். வலிகளுக்கு இடையிலும் பழைய வெட்டு விடாமல் நொந்தால் ஆபத்து. கீழே இரத்தம் போனால் உடனே ஆம்புலன்ஸ்.

சித்தப்பா பக்கத்தில் இருந்தார். அந்த இடங்களின் பெயரை அவருக்கு முன்னால் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. வீட்டில் சொல்லலாம் என்று நினைத்தேன். வீட்டில் ஆட்கள் வந்திருந்தார்கள். "வேற என்னவாம் பிள்ளை?" என்று கேட்டீர்கள். "ஒண்டுமில்லை, கவனமா இருக்கட்டாம்" என்றேன்.

வலி வந்த அன்று, "நேரத்தோட போனா வெட்டிப்போடுவினம்" என்று அனுஜனுக்குப் புட்டு அவித்துக்கொண்டு வீட்டிலேயே நின்றீர்கள். கொஞ்சம் இரத்தம் பட்டது என்று அம்மாவுக்குப் போனில் சொன்னதும் எனக்குக் கேட்டது. ஆம்புலன்ஸ் கூப்பிடச் சொல்லி வாய் திறக்க எனக்குப் பத்து நிமிஷம் எடுத்தது. அதற்குள் பழைய வெட்டு வெடித்துவிட்டது. தங்கச்சி அழாமலே பிறந்தாள்.

உங்கள் உடம்பில் பிழை என்று சனம் சொன்னது. நான் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

இன்று காலை தங்கச்சி பிறந்த ஆஸ்பத்திரிக்குப் போய் மருத்துவச்சி யூலியாவிடம் கடதாசியில் எழுதிக் கேட்டேன். வெடித்த கருப்பை இன்னொரு பிரசவ வலியைத் தாங்கும் என்று நம்பி விடக்கூடாதாம். அதனால்தான் வலிக்கு முன்பே ஒப்பறேசனாம். புண் ஆற நாள் எடுக்கும், எழும்பவும் பிள்ளையைத் தூக்கவும் ஆள் துணை வேண்டும் என்றா. வெட்டிப் பெற்றவள் எதிலும் குறைந்தவள் இல்லை என்றும் சொன்னா.

துணைக்கு நான் வருவேன். என் முகத்தைப் பார்க்க விருப்பமில்லை என்றால் அம்மாவை அனுப்புகிறேன். சித்தப்பாவுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கோ. மன்னிக்கச் சொல்லிக் கேட்க இதை எழுதவில்லை.

டொக்டர் குறித்த நாளுக்கு ஓம் என்று சொல்லுங்கோ, சின்னம்மா. இந்தப் பிள்ளை அழுவதை நீங்கள் கேட்கவேண்டும்.

உங்கள் அக்காவின் மகள்
ஆதிரை