நாலாம் பாஷை

செப்ரெம்பர் 24, செவ்வாய்

கால் இரண்டும் விண் விண் என்று வலிக்கிறது. பள்ளிக்கூடக் குசினியில் இன்று ஆள் குறைவு. கழுவல் முழுக்க என் தலையில். வீட்டுக்கு வந்து ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கவில்லை, இவர் சப்பாத்தோடு வாசலில் நிற்கிறார். ஸ்பானிஷ் வகுப்பாம். இன்று தொடக்கமாம். எனக்கும் சேர்த்துப் பதிந்தாயிற்றாம்.

தன் கடையை விற்ற நாளிலிருந்து இவருக்கு ஸ்பெயின் பேச்சுத்தான். இவரோடு ஒன்றாய்ப் படித்த பெனடிக்ற் அண்ணை அங்கே அலிகாந்தேயில் போய் இருக்கிறார். வெயிலையும் எலுமிச்சை மரத்தையும் படம் எடுத்து அனுப்பி இவரைக் கெடுத்து வைத்திருக்கிறார். வெம்பிளி வீட்டை விற்றுவிட்டு நாங்களும் அங்கே போவதாம். என்னிடம் கேட்டாரா? எப்போது கேட்டவர்?

"எனக்கு உது நாக்கில ஏறாது. நீர் வடிவாப் படியும். அங்கை நீர்தானே கதைக்கப்போறீர்," என்றார் பஸ்ஸில்.

ஒக்ரோபர் 1, செவ்வாய்

ரீச்சரின் பெயர் மரினா. ஸ்பெயின்காரி, எங்கள் மகள் கஜந்தினியின் வயது இருக்கும். நகுலேஸ்வரி என்று சொல்ல முயன்று களைத்து, நகுலா என்று வைத்துவிட்டார். இவர் சபா. வகுப்பு முழுக்க சபா, சபா என்று கூப்பிட இவருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

எண்கள் படித்தோம். இவர் ஐந்துக்குப் பிறகு ஜெர்மனில் எண்ணினார். எனக்கு ஒருதரம் கேட்டதுமே பிடிபட்டுவிட்டது. பின்வரிசையில் இருந்துகொண்டு வாயைத் திறக்கவில்லை.

ஒக்ரோபர் 2, புதன்

ஏன் திறக்கவில்லை என்று இன்று முழுக்க யோசித்தேன்.

கொழும்பில் லொட்ஜில் இருந்தபோது சிங்களம் படித்தேன். பொலிஸ் பதிவுக்கு, மருந்துக்கடைக்கு, எல்லாவற்றுக்கும் நான்தான் கதைத்தேன். நன்றாய்க் கதைக்க வந்ததும் ஜெர்மனி. ஸ்ருட்கார்ட்டில் சலவைத் தொழிற்சாலையில் நின்றுகொண்டே ஜெர்மன் படித்தேன். ஹைடி என்று ஒரு சிநேகிதியும் கிடைத்தாள். அவளோடு பகிடி விட்டுச் சிரிக்கிற அளவுக்கு வந்தேன். பிள்ளைக்கு இங்கிலிஷ் வேண்டும் என்றார். வெம்பிளிக்குப் பெட்டி கட்டினேன். ஹைடியின் முகமே இப்போது மறந்துபோயிற்று.

ஒரு பாஷை என் வாயில் உட்கார்ந்ததும் இவருக்கு அடுத்த ஊர் தெரியத் தொடங்கிவிடும். நான் கதைப்பேன் என்ற துணிவில்தான் இவர் வெளிக்கிடுகிறவர். நான் கதைக்காவிட்டால்?

வரமாட்டன் எண்டா விடமாட்டார். மொக்கி எண்டு காட்டினா ஒருவேளை விடுவார்.

ஒக்ரோபர் 12, சனி

வீட்டுப்பாடம்: ஸ்பானிஷ் பேசுகிற கடைக்குப் போய், ஸ்பானிஷில் கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டும். எலிபன்ற் அன்ட் காசிலில் கொலம்பியாக்காரரின் கடைகள் இருக்கின்றன என்று பேக்கர்லூ லைன் ரெயினில் கூட்டிப்போனார். வழி முழுக்க ஒரே வசனத்தை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் இருந்த பெண் எழும்பி வேறு இடத்தில் போய் இருந்தாள்.

கடையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முழுவதையும் ஒப்புவித்தார். அங்கே நின்ற பிள்ளை பாவமாய்ப் பார்த்தது. தான் பங்களாதேஷ் என்றும், அங்கிள் இங்கிலிஷில் கேட்டால் நல்லது என்றும் சொன்னது. நான் கண்ணில் தண்ணி வரச் சிரித்தேன். இவரும் சிரித்துவிட்டார். எவ்வளவு காலம், இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து!

எம்பனாடா சாப்பிட்டோம். உள்ளே இறைச்சி வைத்துப் பொரித்தது. எங்கள் பற்றீஸ்தான், உறைப்புத்தான் இல்லை.

பக்கத்து மேசையில் இரண்டு பெண்கள் ஒரு கலியாணச் சப்பாத்தைப் பற்றி ஸ்பானிஷில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். வேலைக்குப் போகிற பஸ்ஸில் நாள்தோறும் போனில் ஸ்பானிஷ் கேட்டது வீண்போகவில்லை; பாதி எனக்கு விளங்கியது. என்ன சந்தோசம்! அதை இவருக்குச் சொல்ல ஏலாமல் கோப்பியோடு விழுங்கினேன்.

ஒக்ரோபர் 22, செவ்வாய்

இன்றும் தெரிந்த விடையைப் பிழையாய்ச் சொன்னேன். தெரியாத மாதிரி இருப்பது படிப்பதைவிடப் பெரிய வேலை.

நவம்பர் 5, செவ்வாய்

குசினியில் எல்லாவற்றிலும் ஸ்பானிஷ் பெயர் எழுதி ஒட்டி வைத்திருக்கிறார். பிரிட்ஜ், உப்புப் போத்தல், அரிசி வாளி. ஒன்றும் இவருக்கு ஏறவில்லை. எனக்கு ஒட்டாமலே தெரியும்.

பின்னேரம் வீடு விற்றுக் கொடுக்கிற ஏஜென்ற் வந்து அறை அறையாய் அளந்துகொண்டு போனான். நான் அவனுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். என்னைச் செருப்பால அடிக்கவேணும்.

நவம்பர் 12, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதித்தான் ஆகவேண்டும்.

ரீச்சர் எங்களை வட்டமாய் இருத்தி ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்டார்: வயது போன பிறகு எங்கே இருக்க விருப்பம்? இவர் தட்டித் தடவி, ஸ்பெயின், வெயில், நல்லது என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு ரீச்சர் என் பக்கம் திரும்பினார். "நகுலா, உனக்கு எங்கே விருப்பம்?"

எனக்கோ? என்னட்டை ஆர் உதைக் கேட்டது, இவ்வளவு காலத்தில? வழமை மாதிரி இளிச்சுக்கொண்டு இருக்கத்தான் நினைச்சனான். வாய் கேக்கேல்லை.

சொன்னேன். ஸ்பெயினுக்கு வர எனக்கு விருப்பமில்லை. எனக்கு வெம்பிளிதான் விருப்பம். ஒவ்வொரு ஊரிலும் பெட்டி கட்டியது நான், இனிக் கட்டமாட்டேன். நான் ஓடி வருவதைக் கண்டால் எங்கள் பஸ்காரர் நிற்பாட்டி ஏற்றுவார். குசினியில் என்னோடு நிற்கிற பெண்கள் என் பிறந்தநாளை மறப்பதில்லை. நான் இங்கேதான் கிழவியாவேன். எல்லாம் ஸ்பானிஷில். பிழைகள் இருந்திருக்கும். ரீச்சர் ஒன்றையும் திருத்தவில்லை.

இவருக்கு எவ்வளவு விளங்கியதோ. இல்லை என்றதும் வெம்பிளி என்றதும் விளங்கியிருக்கும். பஸ்ஸிலிருந்து இறங்கப்போகும்போது கேட்டார்:

"உமக்கு எப்ப இவ்வளவு கதைக்க வந்தது?"

"முதல் நாளிலயிருந்து," என்றேன்.

நவம்பர் 15, வெள்ளி

முகத்தை நீட்டிக்கொண்டு திரிகிறார். சாப்பாட்டுக் கோப்பையை வைத்தால் எடுக்கிறார், அவ்வளவுதான். கஜந்தினி போன் எடுத்து, அப்பாவோடு சண்டையோ என்று கேட்டாள். சண்டை இல்லை, ஸ்பானிஷ் என்றேன்.

நவம்பர் 17, ஞாயிறு

மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். வந்து கதிரையில் இருந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்து, திருப்பிக் கொடுக்க எல்லாம் ஆயத்தமாய் வைத்திருந்தேன்.

"உமக்கு இங்கை ஆக்கள் இருக்கினம். எனக்குக் கடைதான் இருந்தது. காலமை எழும்பினா எங்கை போறதெண்டு தெரியேல்லை," என்றார்.

எனக்கு அழுகைதான் வந்தது. கோபம் போய்விட்டதோ? போகவில்லை. ஆனால் மனுசன் பாவமாயும் கிடந்தது. விடிய எழும்பிச் சட்டை போட்டுக்கொண்டு யன்னலடியில் நிற்கிறதை நானும் கண்டேன்தான். வேலைக்கு ஓடுகிற அவதியில் என்னவென்று கேட்கவில்லை.

கை கழுவிவிட்டுச் சொன்னேன். "விசா இல்லாமல் மூண்டு மாதம் இருக்கலாமாம். பெனடிக்ற் அண்ணை வீட்டில போய் இருந்து பாருங்கோ. நான் வரேல்லை. வீடும் விக்கிறேல்லை."

"தனியவோ?"

"ஓம். தனிய."

ஜனவரி 9, வியாழன்

இவரை லூட்டனில் விமானம் ஏற்றிவிட்டு வந்தேன். பெட்டியை இவரே அடுக்கினார். பார்த்தால் இரவில் கட்ட ஒரு சாரம்கூட இல்லை. பேசாமல் இரண்டை வைத்துவிட்டேன்.

வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது. பயமாயும் இருக்கிறது, சுகமாயும் இருக்கிறது.

ஜனவரி 28, செவ்வாய்

வேலையால் வந்து சொதி அடுப்பில் வைத்த நேரம் போன் அடித்தது. இவர் மருந்துக்கடையில் நிற்கிறார். நேற்றிலிருந்து நெஞ்செரிவாம், கையைக் காலைக் காட்டியும் அவர்களுக்கு விளங்கவில்லையாம். போனை அங்கிருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டார்.

ஒரு கையில் அகப்பை, மற்றக் கையில் போன். இவருக்கு என்ன வருத்தம், என்ன குளிசை போடுகிறவர், என்ன ஒத்துவராது என்று எல்லாம் சொன்னேன். அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். பிறகு ஆறுதலாய்க் கேட்டாள், இவ்வளவு நன்றாய்க் கதைக்கிறீர்கள், இங்கே எப்போது வருகிறீர்கள் என்று. பள்ளிக்கூட லீவுக்கு ஒரு கிழமை வருவேன், கடல் பார்ப்பேன், பிறகு என் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன் என்றேன்.

இவர் போனை வாங்கினார். "என்னவாம்?"

"நாளுக்கு ஒண்டு, சாப்பிட முதல்."

"அதுக்கோ இவ்வளவு நேரம்?"

மற்றது எங்களுடைய கதை என்றேன். சிரித்தார். பின்னேரங்களில் பெனடிக்ற் அண்ணையின் ஆட்களோடு கடுதாசி விளையாடுகிறாராம்; அவர்கள் காத்துக்கொண்டு நிற்பார்கள் என்று சொல்லிப் போனை வைத்தார்.

சொதியை இறக்கிவிட்டு வகுப்புக்குப் போனேன். இன்று முன்வரிசையில் இருந்தேன்.