அம்மா ஊற்றிய தண்ணீர்

திருத்தணி
ஞாயிறு மாலை

அன்பு மகள் ஸ்வீட்லினுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் அம்மாவும் நானும் உடம்புக்குச் சுகம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் அப்படியே இருக்க தினமும் ஜெபிக்கிறோம். மனசுக்குச் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நீ வீடியோவில் மீன் தொட்டியைக் காட்டச் சொல்லும்போதெல்லாம் நெட் இழுக்கிறது, சார்ஜ் இல்லை என்று சாக்குச் சொல்லி, ஃபேனைக் காட்டிக்கொண்டிருந்தேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல தைரியம் இல்லாமல்தான் நீளமாக எழுதி வாட்ஸாப்பில் அனுப்புகிறேன், முழுசும் படித்துவிட்டு அப்புறம் போன் பண்ணு.

உன் கடல்தண்ணீர்த் தொட்டி சரியில்லை அம்மாடி. முதலில் கண்ணாடியில் ஒட்டியிருந்த நத்தைகள் ஒவ்வொன்றாய் விழுந்தன, வயசாகியிருக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு சிவப்புக் கோடு போட்ட உன் இறால் செத்துக் கிடந்தது. நீ உயிராய் வளர்த்த அனிமோன், அந்தக் கடல் பூ, கையெல்லாம் சுருட்டிக்கொண்டு நெல்லிக்காய் அளவுக்குச் சுருங்கி வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. ஆனால் ஆரஞ்சு மீன் இரண்டும் நன்றாகத் தின்கின்றன, அதுதான் என்னைக் குழப்பியது, தண்ணீர் கெட்டால் மீன்தானே முதலில் மூச்சு வாங்கும்? நீ வைத்துவிட்டுப் போன சொட்டு மருந்தை விட்டு அம்மோனியா பார்த்தேன், மஞ்சளாகவே நின்றது. நைட்ரேட்டும் சரி, உப்பு மீட்டரும் நீ சொன்ன கோட்டில்தான் இருந்தது. அரக்கோணம் ரயில் ஷெட்டில் ஆயுசு முழுக்க எஞ்சின் கோளாறு பார்த்தவன், ஒரு கண்ணாடித் தொட்டி முன்னால் பேயறைந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். உப்பு பாக்கெட்டைச் சந்தேகப்பட்டேன், பக்கத்து வீட்டுப் பெயிண்ட் வாசனையைச் சந்தேகப்பட்டேன், கரண்ட்காரனைத் திட்டினேன். அம்மா பாவம், இந்த வெயிலுக்குத் தொட்டித் தண்ணீர் வற்றிக்கொண்டே போகிறதே, அதனால்தானோ என்று குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

நேற்று கிருத்திகைக் கூட்டத்தில் இடிபட்டு ரயிலேறி, வில்லிவாக்கத்தில் இறங்கி கொளத்தூர் மீன் கடைக்குப் போனேன். கடைக்காரர் சேட்டு நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, ‘புள்ளி நோய்க்கு மருந்து எதுனா ஊத்தினீங்களா சார், அதுல செம்பு இருக்கும், மீனு தாங்கிக்கும், நத்தையும் எறாலும் தாங்காது’ என்றார். மருந்தே ஊற்றவில்லை என்று சாதித்தேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் அம்மா ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எதிலிருந்து மொண்டாள் தெரியுமா, மூட்டு வலிக்கு நல்லது என்று ஊருக்குப் போகும்முன் நீ வாங்கிக் கொடுத்தாயே, அந்தச் செப்புக் குடத்திலிருந்து. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தொட்டிக்கும் இதிலிருந்துதான் ஊற்றினாயா என்று கேட்டேன்.

ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னாய், அவளும் அதைத்தான் ஊற்றினாள். எதில் பிடித்து வைக்க வேண்டும் என்று நீயும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சனிக்கிழமை தவறாமல் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து, அதில் பிடித்து ஊறவைத்த தண்ணீரைத்தான் தொட்டிக்கும் ஊற்றியிருக்கிறாள். ‘நமக்கு நல்லதுன்னு புள்ள வாங்கிக் குடுத்துது, அதோட மீனுக்கும் நல்லதுதானேன்னு ஊத்திகினு இருந்தேங்க’ என்றாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று சேட்டு கொடுத்தனுப்பிய செம்பு பார்க்கும் மருந்தை விட்டுப் பார்த்தேன், தண்ணீர் நீலமாகிவிட்டது.

செம்பை உறிஞ்சிக்கொள்ளக் கரிப் பை போட்டிருக்கிறேன். பிளாஸ்டிக் கேனில் பிடித்த தண்ணீரில் உப்புக் கலந்து கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுகிறேன். செம்பு பாறையிலும் மணலிலும்கூட ஊறியிருக்கும், அனிமோனுக்கு உத்தரவாதம் சொல்ல முடியாது என்று சேட்டு போனில் சொல்லிவிட்டார். அதைத் தனியாகப் பக்கெட்டில் எடுத்து வைக்கலாமா, தொட்டால் செத்துவிடுமா, பயமாக இருக்கிறது, பார்த்ததும் பதில் போடு. அந்த ஜோடி மீன்கள் அதை விட்டு நகரவேயில்லை, போடுகிற தீனியைக் கவ்விக்கொண்டு போய் அதன் வாயருகே வைக்கின்றன. இன்று ஆராதனைக்குக் கோயிலுக்குக் கிளம்பும்போது அனிமோனின் ஒரு கை லேசாக நீண்ட மாதிரி தெரிந்தது. என் ஆசையோ என்னவோ.

அனிமோனை விட எனக்கு அம்மாவைப் பற்றித்தான் கவலை. ‘எங்கையாலயே கொன்னுட்டேன், புள்ள மூஞ்ச எப்படிப் பாப்பேன்’ என்று அதே பேச்சு. தொட்டி இருக்கும் அறைக்குள் வரமாட்டேன் என்கிறாள். குடத்தைக் கவிழ்த்துப் பரணில் போட்டுவிட்டாள், அந்தத் தண்ணீர் அவளுக்கும் வேண்டாமாம். கோயிலில் பாட்டுப் பாடும்போதும் வாயைத் திறக்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, காலில் சாக்ஸ் இல்லாமல் நடக்காதே. ஆண்டவர் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உன்னோடு உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே. நீ போன் பண்ணினால் எப்போதும் முதலில் மீனைத்தான் கேட்பாய், நாளைக்கு மட்டும் அதை அப்புறம் கேள். அம்மாவைக் கூப்பிட்டு, குடத்தை இறக்கித் தண்ணீர் பிடித்து வைத்துக் குடி என்று சொல். நான் சொன்னால் கேட்கமாட்டாள், நீ வாங்கிக் கொடுத்தது.

உன் அப்பா
பிரபுதாஸ்