அழித்த நாற்பத்தொரு படங்கள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பு. அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை, ஆனால் மாடி ஏறாதே என்றால் கேட்பதில்லை. இதை ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம், உன் குரலைக் கேட்டதும் மழுப்பிவிடுகிறேன், அதனால்தான் கடிதம்.

முள்ளுக்காட்டில் விலங்குகளைத் தானாகப் படம் பிடிக்க நீ கட்டிவிட்டுப் போன ஆறு கேமராக்களுக்கும் ஞாயிறுதோறும் பேட்டரி மாற்றி, கார்டைக் கணினியில் செருகிப் பார்த்து, வேண்டாத படங்களைக் கார்டிலேயே கழித்துத்தான் உனக்கு அனுப்பினேன். எல்லாவற்றையும் அப்படியே அனுப்பச் சொல்லி நீ படித்துப் படித்துச் சொன்னாய். முப்பது வருஷம் ஆபீசில் பழைய கோப்புகளைக் கழித்துக் கட்டிய கை, சும்மா இருக்குமா? ஆட்டுக்காரர் வீட்டுப் பூனைக்குட்டி அடிக்கடி படத்தில் விழுகிறது, இது எதற்கு என் மகளுக்கு என்று ஒவ்வொன்றாக அழித்தேன். மொத்தம் நாற்பத்தொன்று. வன அலுவலகத்துக்கு மாதாமாதம் கொடுக்கும் விலங்குப் பட்டியலில் மட்டும் ஒழுங்காக வீட்டுப்பூனை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அம்மாவுக்குக் காட்ட ஒன்றை மட்டும் கணினித் திரையிலிருந்து ஃபோனில் பிடித்து வைத்திருந்தேன். போன வாரம் டீ குடிக்க வந்த வனக்காவலர் அதைப் பார்த்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தார். "சார், ஆட்டுக்காரர் வீட்ல பூனையே கிடையாதே. இது குட்டியும் இல்ல, காட்டுல வாழுற சின்னப் பூனை இனம், வளர்ந்ததே இவ்வளவுதான். உங்க பொண்ணு ரெண்டு வருஷமா தேடுறது இதத்தான்" என்றார். காட்டைக் குவாரிக்குக் கொடுப்பதா என்று அடுத்த மாதம் விசாரணை. அங்கே வீட்டு விலங்குகள் தவிர வேறொன்றும் இல்லை என்பதற்குக் குவாரிக்காரர்கள் என் பட்டியலைத்தான் காட்டப்போகிறார்களாம். கார்டுகளைக் கணினிக் கடைக்காரரிடம் கொடுத்தேன், அழித்ததன் மேலேயே புதுப் படங்கள் பதிந்துவிட்டன என்று கைவிரித்துவிட்டார். ஃபோன் படத்திலோ தேதியும் இடமும் இல்லை, முகம் நன்றாகத் தெரியட்டும் என்று அவை இருந்த அடிப்பகுதியை நானே வெட்டிவிட்டேன். பெரிய புத்திசாலி.

விசாரணையில் எழுந்து நின்று, எழுதியது தப்பு, அழித்தது நான் என்று சொல்லப்போகிறேன். மானம் போகும் என்கிறாள் அம்மா. போகட்டும். உன்னிடம் சொல்லாமல் அங்கே போய் நின்றால் எனக்குப் பேச வாய் வராது.

வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. அந்தப் படத்தைப் பிரின்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன், பார்த்ததும் பதில் போட மறக்காதே. வீட்டுப்பூனைதான் அப்பா என்று நீ சொன்னால் எனக்குப் போன உயிர் திரும்பி வரும். ஆனாலும் அது நீ தேடியதாகவே இருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா