அம்மாவின் மீன் தொட்டி

செங்கல்பட்டு,
19.8.2003

அன்புள்ள சங்கரிக்கு அப்பா எழுதுவது. மெல்போர்னில் இப்போது நல்ல குளிர் என்று சொன்னாய், நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே நாங்கள் சுகம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம், இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால்தான் கடிதம். பதறாமல் கடைசிவரை படி.

மீன் தொட்டி வாங்கியது உனக்குத் தெரியும். கல்பாக்கம் குவார்ட்டர்ஸை விட்டு இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அம்மா யாரோடும் ஒட்டவில்லை, திருக்கழுக்குன்றம் கோயிலுக்குக் கூப்பிட்டாலும் வரவில்லை என்று சொல்லிவிடுவாள். வீட்டிலேயே பார்த்துக்கொண்டிருக்க உயிருள்ளதாக ஏதாவது இருக்கட்டும் என்று, பஸ் ஸ்டாண்டு பக்கம் மீன் கடை வைத்திருக்கும் தனகோடியிடம் இரண்டடித் தொட்டி வாங்கினேன். மணலைப் பத்துத் தடவை அலசிப் போட்டு, வேலம்பாசியும் நாடா மாதிரி நீளமாக வளரும் ஒரு செடியும் நட்டு, மூன்று வாரம் மீனே விடாமல் வைத்திருந்தோம். தண்ணி பழகணும் சார், அவசரப்பட்டா மீனு நிக்காது என்று தனகோடி சொல்லியிருந்தான். பிறகு எட்டு கப்பி, நாலு கறுப்பு மோலி, ஆறு டெட்ரா விட்டோம். இரை போடுவதை அம்மா தன் வேலையாக எடுத்துக்கொண்டாள். ஒரு மாதம் நன்றாகத்தான் போயிற்று, அவள் தொட்டியிடம் பேசுவதைக் கேட்டு நான் நிம்மதியாகப் பேப்பர் படித்தேன்.

ஆடி பிறந்ததும் தண்ணீர் பால் மாதிரி கலங்கியது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின, மூன்றே நாளில் நாலு மோலியும் மூன்று கப்பியும் செத்துவிட்டன. சீக்கு மீனைக் கொடுத்துவிட்டாய் என்று தனகோடியிடம் போய்ச் சத்தம் போட்டேன். அவன் என்னோடு வீட்டுக்கு வந்தான், மணலை ஒரு குச்சியால் கிளறினான், அழுகிய நாற்றம் குப்பென்று கிளம்பியது. இன்னா சார், இவ்ளோ தீனி போட்டுக்கீறீங்க, அதுங்க வவுறு கடுகளவுதான் என்றான். அம்மாவைக் கேட்டேன். காலையில் ஒரு சிட்டிகைதான் போட்டேன் என்றாள். அவள் பொய் சொல்லவில்லை சங்கரி.

மறுநாள் பேப்பரை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மதியத்துக்குள் ஆறு தடவை வந்தாள். ஒவ்வொரு தடவையும் டப்பாவைத் திறந்து, பாவம், காலையிலிருந்து ஒண்ணும் சாப்பிடலையே என்று அதே பரிவோடு சொன்னாள். ஆறாவது தடவை நான் டப்பாவைப் பிடுங்கிவிட்டேன். பட்டினி போட்டுக் கொல்லப் பார்க்கிறீங்களா என்று குழந்தை மாதிரி அழுதாள். நான் அவளைத் திட்டியும் விட்டேன், அதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. சாம்பாரில் இரண்டு தடவை உப்பு விழுந்தது, பக்கத்துத் தெருவில் யார் வீட்டு கேட்டையோ திறக்கப் போனது, எல்லாவற்றையும் வயசு என்று சொல்லித் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன். சென்னைக்கு அழைத்துப்போய்த் தலையை ஸ்கேன் எடுத்தோம். மறதி நோய்தான், மாத்திரை குணமாக்காது, கொஞ்சம் மெதுவாக்கும் என்றார் டாக்டர்.

இப்போது சமையல் நான்தான். எதிர்வீட்டு சரோஜா மதியம் ஒரு மணி நேரம் வந்து உட்காருகிறாள், அந்த நேரத்தில்தான் கடைக்குப் போகிறேன், குளிக்கிறேன். சாயங்காலம் ஆனால் முதுகு விட்டுப்போகிறது. தொட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று தனகோடியிடம் போனேன், விஷயத்தையும் சொன்னேன். அவன் மிளகு அளவு இலையாகத் தண்ணீர் மேல் மிதக்கும் பாசி ஒரு கைப்பிடியும் சின்ன வலை ஒன்றும் கொடுத்தான். இத்த எவ்ளோ அள்ளினாலும் வந்துகினே இருக்கும் சார், அம்மா அள்ளட்டும், தண்ணியும் சுத்தமா இருக்கும் என்றான். இரை டப்பா இப்போது என் பீரோவில் இருக்கிறது. அம்மா நாள் முழுக்கப் பாசி அள்ளிக் கிண்ணத்தில் போடுகிறாள், போட்டதை மறந்து மறுபடியும் அள்ளுகிறாள், யாருக்கும் கெடுதல் இல்லை. மிச்சம் இருக்கிற பதினொரு மீனும் நன்றாக இருக்கின்றன.

வேலையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடாதே. டிசம்பர் லீவைத் தள்ளிப்போடாமல் வா, அது போதும். என்னைப் பற்றிக் கவலைப்படாதே என்று எழுத நினைத்தேன், உண்மையில் ரொம்ப அசதியாக இருக்கிறதம்மா. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் இருவருடைய ஆசீர்வாதம், நீண்ட நாள் நிறைவாக இருங்கள்.

ஒன்று மட்டும் மறக்காதே. போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசி வைத்த பிறகு, யாருங்க அந்தப் பொண்ணு, ரொம்பப் பிரியமா பேசினா என்று அம்மா என்னைக் கேட்டாள். வருகிற ஞாயிறு போன் எடுத்ததும் எப்படி இருக்கே என்று ஆரம்பிக்காதே. அம்மா, நான் சங்கரி, உன் பொண்ணு என்று முதலில் சொல். அழாமல் சொல்.

இப்படிக்கு,
அப்பா
பார்த்தசாரதி