பதில் பாடாத கவி

நேற்று அக்கரைப்பற்று பஸ்ஸில் நீ பாடினாய். டிரைவர் உன் பாட்டைச் சத்தமாகவே போட்டிருந்தார். பக்கத்தில் இருந்த பிள்ளை தன் தாயிடம், "பதில் பாடுற பொம்புள ஆரெண்டு இன்னும் ஒருத்தருக்கும் தெரியாதாம் உம்மா" என்றது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உன் முதல் இசைத்தட்டு அது. அரசாங்கம் வேலி போட்டு அடைத்த வயல்களைத் திருப்பிக் கேட்டு ஊர்ச்சனம் கொட்டில் போட்டுக் குந்தியிருந்தபோது நீ கட்டிய பாட்டுகள் பாதி. மச்சானும் மச்சியும் மாறி மாறிப் பாடும் காதல் கவிகள் மீதி. இரண்டையும் ஏன் கலக்கிறீர்கள் என்று ஸ்டூடியோக்காரர் கேட்டார். "வயலப் பறிச்சா மச்சான் காவலுக்கு எங்க போற? அவர நினச்சி மச்சி என்னத்தப் பாடுற? எல்லாம் ஒண்டுதான் தம்பி" என்றாய்.

பொம்பிளையாய் இருந்தும் மச்சான் பாட்டை நீ எடுத்துக்கொண்டு மச்சியின் பதிலை எனக்குத் தந்தாய். கல்முனையில் அந்தச் சின்ன அறையில், இரைச்சல் விழும் என்று ஃபேனை நிறுத்திவிட்டு, வேர்த்து வழியப் பாடினோம். அவ்வளவு சந்தோஷமாக நான் ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் இசைத்தட்டு அட்டையில் பெயர் போடும்போது கெஞ்சினேன்.

"என்ட பேர் வேணாம் புள்ள. என்ட மனுசன் அறிஞ்சா வீட்டுக்குள்ள எடுக்க மாட்டார்."

"ஓம், விடு. என்ட பேர் மட்டும் கிடக்கட்டும்."

பாட்டு ஊரெல்லாம் பரவியது. பதில் பாடுகிறவளுக்கு நல்ல குரல் என்று இவரே சொன்னார். நான் தலை நிமிராமல் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். வயல் பாட்டுக்குக் கைதட்டிய அதே சனம் காதல் பாட்டுக்காக உன்னைக் கிழித்துத் தொங்கவிட்டது. வீட்டில் குமர் மகளை வைத்துக்கொண்டு இப்படிப் பாடுவதா என்றார்கள். ஏச்செல்லாம் நீ ஒருத்தியே வாங்கினாய். மற்றக் குரல் யாருடையது என்று எத்தனை பேர் கேட்டும் நீ வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. நான் கோழை, புள்ள. இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

பிறகு இவர் மவுத்தானார். புருஷனை இழந்தவள் வெளியே போகாமல் இருக்கும் இத்தா என்று நான்கு மாதமும் பத்து நாளும் நான் வீட்டுக்குள் இருந்தேன். அந்த நேரத்தில்தான் உனக்கு வருத்தம் முற்றியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, மூச்சு வாங்க வாங்க, போனில் ஒரு கவி பாடி அனுப்பினாய்:

"வெள்ளம் வடியுமுன்னம் வரம்பேறி வந்தேன் மச்சி
வாசல் திறக்காட்டி வார்த்தை ஒண்டு தந்திடுகா"

எனக்குப் பதில் அன்றைக்கே மனசுக்குள் வந்துவிட்டது. வெள்ளைப் புடவையோடு இருந்துகொண்டு காதல் கவி பாடினால் கூட இருந்த மாமியார் என்ன நினைப்பா என்று அடக்கிக்கொண்டேன். இத்தா முடியட்டும், நேரில் போய்ப் பாடலாம் என்றிருந்தேன். முடிய ஒன்பது நாள் இருக்கும்போது நீ போய்விட்டாய். மூன்று தெரு தள்ளித்தான் உன் வீடு. உன் மையித்தின் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

நேற்று பஸ்ஸால் இறங்கியதும் நேரே உன் மகளிடம் போனேன். மற்றக் குரல் நான்தான் என்றேன்.

"தெரியும் சாச்சி. நீங்களாச் சொல்லும்வரைக்கும் கேக்கப்படாது எண்டு உம்மா சொல்லியிருந்தா."

அடுத்த முறை இசைத்தட்டு அடிக்கும்போது அட்டையில் என் பெயரும் வரும். அது இருக்கட்டும். இன்று காலை அடுப்படியில் நின்று, இவ்வளவு நாளும் நெஞ்சுக்குள் வைத்திருந்த அந்தப் பதிலை முழுவதும் பாடினேன். முடித்துவிட்டு, அடுத்த கவியை நீ எடுப்பாய் என்று என்னை அறியாமல் நின்றுகொண்டிருந்தேன்.